பரம்பரை என்னும் சொல்லுக்குக் கணக்குக் கேட்டவர்

திருகோணமலைத் துறைமுகத்தின் அடியிலே பணிபுரியும் சுழியோடி ஒருவர் வேலை முடிந்ததும் நேரே நீர்மட்டத்துக்கு வந்துவிடுவதில்லை. இத்தனை மீற்றர் ஆழத்தில் இத்தனை நிமிடம் இருந்தவர், மேலேறும் வழியில் எந்தெந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தரித்து நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. அதனை மீறினால், அமுக்கத்தின் கீழ் குருதியிலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளைத் தாக்கும். முள்ளந்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழந்துவிடும். கடலட்டைக்கும் சங்குக்குமாக வாயு உருளையுடன் ஒரே நாளில் பலமுறை இறங்கி ஏறுபவர்களுக்கு இந்த ஆபத்து நன்கு தெரிந்ததே.

இத்தகைய அட்டவணையை முதன்முதலில் விஞ்ஞான முறைப்படி வகுத்து 1908ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய உடற்றொழிலியலாளர். ஆடுகளை அமுக்க அறைக்குள் விட்டுச் சோதித்த அவர், பின்னர் பிரித்தானியக் கடற்படையினரைக் கடலில் இறக்கியும் பரிசோதித்தார். 1906இல் ஸ்கொட்லாந்துக் கரையோரம் நடந்த அந்தச் சோதனைகளின்போது பதின்மூன்று வயதான தமது மகனையும் சுழியோடி உடை அணிவித்துக் கடலுக்குள் இறக்கினார். உடை சிறுவனுக்குப் பொருந்தவில்லை. மணிக்கட்டு வழியே நீர் உட்புகுந்தது. குளிரில் நடுங்கியவாறு மேலே வந்த அச்சிறுவனே பின்னாளில் ஜே.பி.எஸ். ஹோல்டேன் என்று உலகம் அறிந்த பிறப்புரிமையியல் அறிஞர். இறுதிக் காலத்தில் இந்தியக் குடிமகனாகி, ஒரிசாவின் புவனேஸ்வரத்தில் உயிர் நீத்தவர். அவர் மறைந்து 2024 டிசெம்பரில் அறுபது ஆண்டுகள் நிறைந்தன.

அவரைப் பற்றி இப்பத்தியில் எழுத முற்படுவதற்குச் சுழியோடிகளைக் காட்டிலும் நெருக்கமான வேறொரு காரணம் உண்டு. நமது ஊர்களில் கலியாணம் பேசும்போது, அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு மூளைக் கோளாறு, அது பரம்பரையாக வருவது என்று யாரேனும் காதோடு காதாகச் சொல்லிவிட்டால் போதும், பேச்சு அத்துடன் முறிந்துவிடும். இதற்கு அஞ்சியே தமிழர் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் மனநோயுற்ற பிள்ளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படாமல் பின்னறையில் மறைக்கப்படுகிறது. நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் செய்வினை கழிப்பதும் முதலில் நடைபெறுகின்றன. வைத்தியரிடம் போவது கடைசியில்தான், அதுவும் வெளியூர் வைத்தியரிடம். போரும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும் கடந்து வந்த ஒரு மாவட்டத்தில் இந்த மறைப்பின் விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை. பரம்பரை என்ற அந்த ஒற்றைச் சொல்லை விஞ்ஞானத்தின் பெயரால் அரசுகளே மனிதர்மீது பிரயோகித்த காலமொன்று இருந்தது. அந்தச் சொல்லை நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்டவர்களுள் முதல் வரிசையில் நின்றவர் ஹோல்டேன்.

1892 நவம்பர் 5ஆம் திகதி ஒக்ஸ்போர்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தையின் ஆய்வுகூடமே அவரது முதற் பள்ளி. சுரங்கங்களில் தேங்கும் வாயுக்களை ஆராய்ந்த தந்தை, மகனையும் உடன் அழைத்துச் செல்வார். ஒருமுறை சுரங்கமொன்றில் சிறுவனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகத்திலிருந்து ஒரு சொற்பொழிவை ஒப்புவிக்குமாறு பணித்தார். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கி, கால்கள் துவண்டு அவன் தரையில் விழுந்தான். தரையை ஒட்டிய காற்றில் மீண்டும் சுவாசம் சீரானது. மெதேன் வாயு காற்றைவிட இலேசானது, கூரையை ஒட்டியே தங்கும் என்ற பாடத்தை அவன் பிறகு மறக்கவேயில்லை. இன்றைய பெற்றோர் இவ்வாறு கற்பிக்கத் துணியார், துணியவும் கூடாது. ஆயினும் எந்த அபாயத்தையும் பிறர்மீது சோதிக்குமுன் தன்மீதே சோதிக்க வேண்டும் என்ற நெறி அவருக்குத் தந்தைவழியாக வந்தது இப்படித்தான்.

ஈற்றன் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட் நியூ கல்லூரியிலும் அவர் கற்றவை கணிதமும் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும் தத்துவமுமே. உயிரியலில் அவர் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். பட்டமில்லாத துறையிலே அவர் பெரும் பேராசிரியரானார் என்பது சான்றிதழ்களைக் கட்டிச் சுமக்கும் நமது கல்வி முறைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். மாணவனாக இருந்தபோதே தங்கை நயோமியுடன் சேர்ந்து எலிகளை வளர்த்து, இரு இயல்புகள் ஒன்றுடனொன்று பிணைந்து சந்ததிக்குக் கடத்தப்படுவதைக் கண்டறிந்தார். முலையூட்டிகளில் அத்தகைய பிணைப்பு காட்டப்பட்டது அதுவே முதன்முறை. 1915இல் அக்கட்டுரை வெளிவந்தபோது போர் நடந்துகொண்டிருந்தது. உடன் ஆய்வு செய்த நண்பர் ஸ்பிரண்ட் போரில் மாண்டுவிட்டிருந்தார்.

பிரான்சிலும் பின்னர் மெசப்பத்தேமியாவிலும், அதாவது இன்றைய ஈராக்கிலும், காயமுற்ற ஹோல்டேன் 1917இல் சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலிருந்த வேலி அவரை உறுத்தியது. இந்தியரோடு சரிநிகராகப் பழக முடிகின்ற ஒரு காலம் வந்தாலன்றி இந்த மண்ணில் மீண்டும் காலடி வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார். நாற்பது ஆண்டுகள் அவர் அதற்காகக் காத்திருந்தார்.

இடைப்பட்ட காலத்தின் விஞ்ஞானச் சாதனைகளை விரிக்கின் பெருகும். கேம்பிரிட்ஜில் உயிர்இரசாயனத்துறையில் பணியாற்றிய 1920களில், நொதியங்களின் வேகத்தைக் கணிக்கும் சமன்பாடு ஒன்றை பிறிக்ஸ் என்பாருடன் வகுத்தார். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் பரம்பரை விதிகளையும் கணிதத்தால் ஒன்றிணைத்த மூவருள் ஒருவரானார். ஏனைய இருவர் பிஷரும் ஸூவல் றைற்றும். 1933இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். 1935இல் குருதியுறையாமை நோயைக் கொண்டு, மனிதனின் பரம்பரையலகு ஒன்று தலைமுறைக்கு எத்தனையில் ஒன்று என்ற அளவில் விகாரமடைகிறது என்று கணித்தார். ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒன்று என்று வந்தது. பரம்பரையலகு எதனால் ஆனது என்று எவருக்கும் தெரியாத காலத்தில், நோயாளிகளின் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு காகிதத்திலும் பென்சிலிலும் போட்ட கணக்கு அது.

இக்காலத்திலேதான் மனித நடத்தையும் மனநோயும் பரம்பரையால் வருபவையா என்ற கேள்வி அரசியலாக மாறியது. ஜெர்மனியில் யொஹானஸ் லாங்கே என்ற மனநோய் மருத்துவர் சிறைக்கைதிகளிடையே இரட்டையர்களைத் தேடிப்பிடித்து 1929இல் ஒரு நூல் எழுதினார். ஒரே கருவிலிருந்து பிரிந்த 13 இரட்டைச் சோடிகளில் பத்தில் இருவருமே சிறை சென்றிருந்தனர். வெவ்வேறு கருவிலிருந்து வந்த 17 சோடிகளில் இரண்டில் மட்டுமே அவ்வாறு. குற்றம் என்பது விதி என்ற பொருள்படும் தலைப்புடன் வந்த அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஹோல்டேனின் மனைவியும் பத்திரிகையாளருமான சார்லற். முன்னுரை எழுதியவர் ஹோல்டேன். அந்த முடிவுகள் அந்நாளில் அவரைக் கவர்ந்திருந்தன என்பதை மறைப்பதில் பயனில்லை. 1924இல் வெளிவந்த டீடலஸ் என்ற சிறு நூலிலும், கருப்பைக்கு வெளியே குழந்தைகளை வளர்த்துச் சிறந்த பெற்றோரிடமிருந்து தலைமுறைகளைத் தேர்ந்தெடுக்கும் எதிர்காலம் ஒன்றை அவர் கற்பனை செய்திருந்தார்.

அந்தக் கற்பனைக்கு எதிர்காலம் தேவைப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இலேயே, புத்தி மந்தமானவர்கள் என்று கருதப்பட்டோரைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. 1927இல் வேர்ஜினியாவைச் சேர்ந்த கரி பக் என்ற ஏழை இளம்பெண்ணின் வழக்கில், அத்தகைய சட்டம் செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயும் மகளும் பேத்தியும் மூன்று தலைமுறையாக மந்தபுத்தியினர் என்பது அரசு தரப்பு வாதம். அந்தப் பேத்தி பின்னர் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள் என்பதும், எட்டு வயதில் நோயுற்று இறந்தாள் என்பதும் தீர்ப்பை மாற்றவில்லை. அமெரிக்காவில் மட்டும் அறுபதாயிரம் பேருக்கு மேல் இவ்வாறு மலடாக்கப்பட்டனர். 1933 ஜூலையில் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த சட்டம் மனச்சிதைவு, வலிப்பு, பித்துநோய், பிறவிச் செவிடு, பிறவிக் குருடு என்று ஒரு பட்டியலையே இட்டது. ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாக்கப்பட்டனர். பின்பு அறுவைக் கத்தியின் இடத்தை நச்சுவாயு பிடித்தது. 1940, 1941ஆம் ஆண்டுகளில் மனநோய் விடுதிகளிலிருந்து பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கு மேல்.

ஹோல்டேன் இதனை எதிர்த்தது உணர்ச்சி வசப்பட்ட பேச்சினால் அன்று. 1938இல் பரம்பரையும் அரசியலும் என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டு, கட்டாய மலடாக்கத்தை ஆதரிப்போரின் கணக்கையே எடுத்துப் பிரித்துக் காட்டினார். அவ்வகைக் கணக்கை நமது உயர்தர வகுப்பு மாணவர் எவரும் போட்டுப் பார்க்கலாம். பின்னிடைவான பரம்பரையலகு ஒன்றால் வரும் நோய், பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருப்பதாகக் கொள்வோம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக இரண்டு பழுதான அலகுகள் சேர்ந்தால்தான் நோய் தோன்றும். அப்படியாயின் அந்த அலகின் பரம்பல் நூற்றுக்கு ஒன்று. ஒரே ஒரு பழுதான அலகைச் சுமந்துகொண்டு, நோயின் சாயலே இல்லாமல் நடமாடுவோர் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர். அதாவது ஒரு நோயாளிக்கு இருநூறு காவிகள். நோயாளிகள் எல்லோரையும் ஒவ்வொரு தலைமுறையிலும் மலடாக்கினாலும் அந்த அலகின் பரம்பல் பாதியாகக் குறைவதற்கு நூறு தலைமுறைகள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டுகள் என்றாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள். இவ்வளவு காலம் மனிதர்களை வெட்டி வதைத்துப் பெறும் பயன் இவ்வளவே என்று கணிதம் சொல்லும்போது, அந்தச் சட்டங்களின் உண்மையான நோக்கம் வேறு என்பது வெளிப்பட்டுவிடுகிறது. ஏழைகளும் அநாதைகளும் குடியேறியோருமே அச்சட்டங்களின் வலையில் பெரும்பாலும் விழுந்தனர்.

அவருடைய நண்பர் லயனல் பென்றோஸ் இதற்கு மருத்துவச் சான்றுகளைத் தேடித் தந்தார். கோல்செஸ்டரில் மனவளர்ச்சி குன்றிய 1,280 பேரையும் அவர்தம் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 1938இல் அவர் வெளியிட்ட அறிக்கை, மந்தபுத்தி என்ற ஒரே நோய் கிடையாது, அதற்குப் பல்வேறு காரணங்கள் உண்டு என்று நிறுவியது. பீனைல்கீற்றோனூரியா என்பது அவற்றுள் ஒன்று. 1934இல் நோர்வேயின் அஸ்பியோன் பொலிங் கண்டறிந்த இந்நோயில், உணவிலுள்ள ஓர் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதியம் உடலில் இயங்குவதில்லை. தேங்கும் அமிலம் குழந்தையின் மூளையைக் கெடுக்கிறது. ஐயத்துக்கு இடமின்றிப் பரம்பரையாக வருவது இது. எனினும் அந்த அமினோ அமிலம் குறைந்த உணவைக் குழந்தைப் பருவத்திலிருந்தே கொடுத்தால் மூளை காப்பாற்றப்படும் என்பது 1950களில் தெரியவந்தது. பரம்பரையாக வருவது எதுவானாலும் மாற்ற முடியாதது என்ற நம்பிக்கை இந்த ஒரு நோயிலேயே பொய்த்துப் போனது.

இயல்பும் வளர்ப்பும் பற்றி 1946இல் ஹோல்டேன் எழுதிய கட்டுரை, வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டியது. ஒருவருடைய நடத்தையில் பரம்பரையின் பங்கு இவ்வளவு, சூழலின் பங்கு இவ்வளவு என்று சோற்றையும் கறியையும் போலப் பிரித்து வைத்துவிட முடியாது என்பது அதன் சாரம். நமது வயலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். கந்தளாய்க் குளத்தின் வாய்க்கால் நீரும் உரமும் கிடைக்கும் வயலில் புதிய நெல்லினம் பழைய நாட்டு நெல்லைத் தோற்கடித்துவிடும். வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் அதே நாட்டு நெல் தாக்குப்பிடித்து நிற்க, புதிய இனம் பதராகிப் போகலாம். எது நல்ல விதை என்ற கேள்விக்கு, எந்த வயலில் என்று திருப்பிக் கேட்காமல் விடை கூற இயலாது. மனிதரிலும் அப்படியே என்றார் அவர்.

அண்மைக்கால ஆய்வுகள் இந்தத் திசையிலேயே வந்திருக்கின்றன. மனச்சிதைவு நோயுடன் தொடர்புடைய இடங்கள் நிறமூர்த்தங்களில் நூற்றுக்கணக்கில் காணப்பட்டுள்ளன; ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. பரம்பரையலகுகள் முழுவதும் ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு அந்நோய் இருந்தாலும், மற்றவருக்கு வராமலிருப்பதே பாதிக்கு மேற்பட்ட சோடிகளில் காணப்படுகிறது. கொழும்பு மாவட்டத்தில் பேராசிரியர் அதுல சுமதிபாலவும் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கான இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வில், மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு பெண்களிடம் கூடுதலாகவும் ஆண்களிடம் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. ஒரே நாட்டில், ஒரே மாவட்டத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், குடும்பத்தையே ஒதுக்கிவைக்கும் நமது தீர்ப்புகள் எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

இனிக் கடலுக்குத் திரும்புவோம். 1939 ஜூன் முதலாம் திகதி லிவர்பூல் விரிகுடாவில் தெற்றிஸ் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி சோதனையோட்டத்திலேயே மூழ்கி 99 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் கப்பல் கட்டிய தொழிலாளர். தொழிற்சங்கங்களின் வேண்டுகோளின் பேரில் ஆராய முன்வந்த ஹோல்டேன், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பங்குபற்றித் திரும்பிய சிலரையும் சேர்த்துக்கொண்டு ஓர் இரும்பறைக்குள் தம்மைப் பூட்டிக்கொண்டு, தேங்கும் காபனீரொட்சைட்டு மனிதனை எப்படிச் செயலிழக்கச் செய்கிறது என்று அளந்தார். தொடர்ந்து கடற்படைக்காக உயர் அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசித்துப் பார்த்தார். வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. அந்த நோவு சாகும்வரை இருந்தது. காதுச் சவ்விலும் துளை விழுந்தது. புகைபிடிக்கும்போது காது வழியாகவும் புகைவிட்டு விருந்தினரை மகிழ்விக்கத் தமக்கு ஒரு வித்தை கிடைத்துவிட்டதாக அவர் பகடி செய்வதுண்டு. 1944 ஒக்டோபரில் திருகோணமலையிலிருந்து ட்ரென்சன்ட் என்ற நீர்மூழ்கி புறப்பட்டு, இருவர் ஏறிச் செலுத்தும் சாரியட் என்னும் கடலடி வாகனங்களைச் சுமந்து சென்று, தாய்லாந்தின் புக்கெற் துறைமுகத்தில் இரு கப்பல்களைத் தகர்த்தது. அந்த வீரர்கள் சுவாசித்தது ஒட்சிசனைத்தான். அது எவ்வளவு அமுக்கத்தில் நஞ்சாக மாறும் என்பதைத் தம்முடலிலேயே கண்டறிந்தவர்களுள் ஹோல்டேனும் ஒருவர்.

அவர் குறையற்றவரல்லர். பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்து அதன் நாளேட்டின் ஆசிரியர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சோவியத் நாட்டில் லைசெங்கோ என்பார் பிறப்புரிமையியலையே முதலாளித்துவப் பொய் என்று தூற்றி ஒழித்தபோது, வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். அவருக்கு அறிமுகமான நிக்கொலாய் வவிலோவ் என்ற பேரறிஞர் 1943இல் சிறையிலேயே மாண்டிருந்தார். ஹிட்லரின் போலி விஞ்ஞானத்தைக் கணக்கினால் கிழித்த அதே மனிதர், ஸ்ராலினின் போலி விஞ்ஞானத்தின் முன் ஆண்டுக்கணக்கில் வார்த்தைகளை விழுங்கினார். 1950ஆம் ஆண்டளவில் கட்சியிலிருந்து ஓசையின்றி விலகிக்கொண்டார். இந்த மௌனத்தை அவருடைய அபிமானிகள் எவ்வளவு விளக்கினாலும் அது மௌனமே. கட்சிக்காரனாக இருப்பவனுக்கு உண்மை எவ்வளவு பாரமாகும் என்பதை, இந்நாட்டின் எந்த மொழிப் பத்திரிகையாளருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1957 ஜூலையில் அவர் பிரித்தானியாவைத் துறந்து கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அழைத்தவர் அதன் நிறுவனர் மஹலனோபிஸ். முந்தைய ஆண்டு சுயெஸ் கால்வாயைக் கைப்பற்றுவதற்காக எகிப்தின்மீது பிரித்தானியா நடத்திய படையெடுப்பைத் தமது வெளியேற்றத்துக்குக் காரணமாக அவர் அறிவித்தார். தற்செயலாயினும், பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து வெளியேறியதும் அதே 1957இல்தான். ஒருபுறம் பேரரசின் கப்பல்கள் கீழைக்கடலை விட்டுப் போக, மறுபுறம் அதன் பெரும் விஞ்ஞானிகளுள் ஒருவர் வெள்ளைப் பருத்தி ஆடை அணிந்து, மாமிசத்தை விலக்கி, வங்காளக் கரையில் குடியேறினார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய இந்திய மாணவர்களுக்குக் கண்ணும் கையும் குறிப்பேடும் போதும் என்று அவர் கற்பித்தார். ரி.ஏ. டேவிஸ் என்பவர் அவரது ஊக்குவிப்பில் தென்னைகளை எண்ணத் தொடங்கினார். தென்னையில் ஓலைகள் சில மரங்களில் இடஞ்சுழியாகவும் சிலவற்றில் வலஞ்சுழியாகவும் அமைகின்றன. ஆயிரக்கணக்கான மரங்களைப் பார்த்ததில், இது தாய்மரத்திலிருந்து பிள்ளைக்கு இறங்குவதன்று என்பதும், இடஞ்சுழி மரங்கள் சற்றே கூடுதலாகக் காய்க்கின்றன என்பதும் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் எல்லாம் பரம்பரையல்ல என்பதற்குத் தோட்டத்திலேயே ஒரு சான்று.

இன்னொரு மாணவரான கிருஷ்ண துரோணம்ராஜு, மீரா கான் என்ற முஸ்லிம் ஆய்வாளருடன் சேர்ந்து ஆந்திராவில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். இது நம் இரு சமூகங்களையும் நேரே தொடும் விடயம். கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் மச்சான், மச்சாள் முறையில் மணம் செய்வதை உரிமையாகவே கருதி வந்தவர்கள். தாய்மாமன் மருமகளை மணப்பது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது. தென்னிந்திய இந்துக்கள் சிலரிடையே வழக்கிலிருப்பது. முன்னர் சொன்ன பத்தாயிரத்தில் ஒருவர் நோயையே எடுத்துக்கொண்டால், மச்சான் மச்சாள் மணத்தில் பிறக்கும் பிள்ளைகளில் அது பத்தாயிரத்தில் ஏழு பேருக்கு வரலாம். மாமன் மருமகள் மணத்தில் பதின்மூன்று. ஏழு மடங்கு என்று சொன்னால் அச்சம் பிறக்கும். பத்தாயிரத்தில் 9,993 பிள்ளைகளுக்கு அந்நோய் இராது என்பதும் அதே கணக்கே. எல்லாக் கடும் பிறவிக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், பொதுவாக உள்ள அபாயத்துடன் நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுகிறது. இதனை இல்லையென்று மறுப்பதும் தவறு, உறவில் மணந்தவர்களைக் குற்றவாளிகளாக்குவதும் தவறு. குடும்பத்தில் ஏற்கெனவே இத்தகைய நோய் கண்டிருந்தால் திருமணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனை பெறுவதே செய்யக்கூடியது. ஈரானில் 1997 முதலும் சவூதி அரேபியாவில் 2004 முதலும் திருமணத்துக்கு முன் தலசீமியாப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டிருப்பதை இங்கே நினைவூட்டலாம்.

தலசீமியா என்ற அக்குருதிநோய் பற்றியும் ஹோல்டேன் 1940களின் இறுதியில் ஓர் ஊகத்தை வெளியிட்டார். இவ்வளவு கொடிய நோயின் அலகு மத்தியதரைக் கடல் நாடுகளில் ஏன் ஒழிந்துபோகாமல் நிலைத்திருக்கிறது என்பது கேள்வி. ஒரு பழுதான அலகை மட்டும் சுமப்போருக்கு மலேரியாவை எதிர்க்கும் வலிமை கூடுதலாக இருக்கலாம், ஆகவே மலேரியா மிகுந்த இடங்களில் அவர்கள் பிழைத்துப் பெருகியிருப்பார்கள் என்பது அவரது விடை. பிற்கால ஆய்வுகள் இதனை உறுதிசெய்தன. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் பல்லாயிரம் பேரை இழந்து, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்ட இலங்கையிலும் தலசீமியா இருப்பது வியப்பன்று. ஓர் இடத்தில் சாபமாக இருப்பது மற்றோரிடத்தில் காவலாக இருந்திருக்கிறது. இழிந்த இரத்தம், உயர்ந்த இரத்தம் என்ற பேச்சுக்கு அதன் பின் விஞ்ஞானத்தில் இடமில்லாமற் போயிற்று.

மஹலனோபிஸுடன் முரண்பட்டு 1961இல் கல்கத்தா நிறுவனத்தை விட்டு விலகிய ஹோல்டேன், ஒரிசா அரசின் அழைப்பை ஏற்றுப் புவனேஸ்வரத்தில் ஓர் ஆய்வுகூடத்தை அமைத்தார். 1963இன் இறுதியில் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் கண்டது. லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தவாறே அந்நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதி அச்சேற்றினார். அறிகுறிகளை மறைக்காமல் உரிய வேளையில் வைத்தியரிடம் போகும்படி மக்களைத் தூண்டுவதே அதன் நோக்கம். தமக்கான இரங்கலுரையையும் தாமே பேசிப் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காகப் பதிவு செய்துவைத்தார்.

1964 டிசெம்பர் முதலாம் திகதி அவர் காலமானார். அவரது விருப்பப்படி உடல் எரிக்கப்படவோ புதைக்கப்படவோ இல்லை. ஆந்திராவின் காக்கிநாடாவிலுள்ள ரங்கராய மருத்துவக் கல்லூரிக்கு மாணவரின் கற்கைக்காக அனுப்பப்பட்டது. அவரது இரண்டாவது மனைவியும் உயிரியலாளருமான ஹெலன் ஸ்பேர்வே பிரித்தானியாவுக்குத் திரும்பவில்லை. இந்தியாவிலேயே விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவாறு வாழ்ந்து, 1978இல் ஹைதராபாத்தில் மறைந்தார்.